ஜெமீலாவின் பெயரில் ஆறு லீற்றர்

முரசுமோட்டையில் விடிய நாலரைக்கு வண்டியை எடுத்தால் ஆறரைக்கு நாவலடியில் நிற்பேன். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. ஊர்ப் பால் சங்கங்கள் சேர்ந்த சமாசத்தின் வண்டியை ஓட்டுவதும் நான்தான், பாலை அளப்பதும் லக்டோமீற்றர் போட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் கொப்பியில் எழுதுவதும் நான்தான். சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்கு.

நாவலடி ஆம்பிளைகளின் ஊர். இப்படிச் சொன்னால் நளீருக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். தொண்ணூறில் இயக்கம் போகச் சொன்னதும் ஊரோடு வெளிக்கிட்டுப் புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து, சண்டை முடிந்தபிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள். குடும்பங்கள் என்று இருப்பது வாக்காளர் இடாப்பில். வந்தது ஆம்பிளைகள். மனைவி பிள்ளைகள் புத்தளத்தில்தான். அங்கே பள்ளிக்கூடம் நல்லது, வீடு கட்டி முடிந்திருக்கிறது, உம்மா வாப்பா பக்கத்தில். இங்கே காணியை விட்டால் ஒரு மாரி மழையில் பற்றைக்காடு மூடிவிடும். அதனால் ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. ஊருக்குள் வண்டியைத் திருப்பினால் கொடிகளில் காய்வதெல்லாம் சாரமும் பெனியனும்தான். காலைச் சாப்பாட்டுக்குக் கடைப் பாண். யாரேனும் ஒருவன் துணிந்து புட்டு அவித்தால் அது பாதி மாவாக இருக்கும், மற்றவர்கள் ஒரு கிழமைக்கு அதையே சொல்லிச் சிரிப்பார்கள்.

நளீர் நாவலடிப் பால் சங்கத்தின் செயலாளர். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான ஆள், கதை குறைவு. நாலு மாடு வைத்திருந்தான். காலையில் பதினாலு லீற்றர் கொண்டுவருவான். நாலு வருடத்துக்கு முன் ஒருநாள் பால் கானை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணை, எட்டு என்ர பேரில எழுதுங்கோ. ஆறு ஜெமீலாவின்ர பேரில."

ஜெமீலா அவனுடைய மனைவி. பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆளைக் கண்டதில்லை.

"அவா புத்தளத்திலயெல்லோ?"

"ஓம்."

"அங்கயிருந்து கறந்து அனுப்பினவாவோ?"

அவன் சிரிக்கவில்லை. "அவாவையும் சங்கத்தில அங்கத்தவரா சேத்தனான். ஒரு வருசம் பால் ஊத்தாட்டில் பேரை வெட்டுவினம் எண்டு விதி இருக்கு. வெட்டினால் அவா இந்த ஊரில இல்லை எண்டு ஆகிடும்."

"விதி எனக்கும் தெரியும். வருசத்துக்கு ஒருநாள் ஊத்தினால் காணும். அதுக்கேன் ஒவ்வொரு நாளும் நெடுக?"

"ஒருநாள் ஊத்தினால் ஒருநாள் வந்திட்டுப் போனமாதிரி இருக்கும் அண்ணை. அவா நெடுக இருக்க வேணுமெண்டெல்லோ நான் நினைக்கிறன்."

நான் எழுதினேன். பொய் என்று தெரிந்துதான் எழுதினேன். எனக்கு வீட்டில் அன்னபாக்கியம் இருக்கிறாள், முப்பது வருடமாக ஒரே பாயில் படுத்து ஒரே சண்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மனைவியைக் கொப்பியில் வைத்திருக்கிற ஒருவனிடம் நான் என்ன நியாயம் கதைக்க.

வந்தது வினை. நளீர் செய்ததைப் பார்த்துச் சங்கத் தலைவர் முன்ஸிரும் தன் பாலை இரண்டாகப் பிரித்தார். பிறகு அஸ்வர். பிறகு எல்லாரும். இரண்டு வருடத்தில் என் கொப்பியில் நாவலடிப் பெண்கள் முப்பத்து நாலு பேர் தினமும் பால் ஊற்றினார்கள். அவர்களில் ஊரில் நிரந்தரமாக இருந்தவர்கள் இரண்டே இரண்டு பேர்.

போன வருடம் செப்டம்பரில் சமாசத்துக்கு ஒரு பெரிய குளிரூட்டித் தாங்கி கிடைப்பதாகக் கதை வந்தது. எந்தச் சங்கத்துக்கு என்று முடிவெடுக்க வேண்டும். மூன்று சங்கங்கள் கேட்டன. முந்தியென்றால் தலைவர்மார் சத்தம் போட்டு முடிவெடுப்பார்கள். இந்தமுறை ஐந்து வருட மூலோபாயத் திட்டம் என்று ஒன்று எழுத வேண்டுமாம், அதற்கென்று வவுனியாவிலிருந்து மேனுகா என்றொரு பிள்ளை வந்தாள். முப்பது வயது இருக்கும். மடித்த பிறவுண் பேப்பர், மாக்கர், நாலு நிறத்தில் வெட்டின அட்டைகள்.

இந்தத் தாங்கியில் நளீருக்கு என்ன என்று கேட்பீர்கள். என் வண்டி காலையில் ஒருமுறைதான் வரும். பின்னேரம் கறக்கிற பால் அடுத்தநாள் வரை பழுதாகாமல் நிற்காது, அதனால் பின்னேரத்தில் யாரும் கறப்பதில்லை, கன்று குடிக்கும். தாங்கி வந்தால் பின்னேரப் பாலும் போகும். இரண்டு நேரமும் கறப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும், இரண்டு பேர் இருந்து சாப்பிடவும் அது காணும். எப்போதோ ஒருநாள் ஜெமீலா போனில், "பின்னேரப் பாலும் விக்க ஏலுமெண்டால் வாறதைப் பற்றி யோசிப்பம்" என்று சொல்லியிருக்கிறாள். சொன்னவள் மறந்திருப்பாள். இவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாங்கி வந்தால் ஜெமீலா வருவாள். அவனுக்கு அந்த மூலோபாயத் திட்டம் முழுவதும் அந்த ஒரு வசனம்தான்.

முதல் கூட்டம் சங்கக் கொட்டிலில் நடந்தது. கூட்டம் என்றால் எனக்கு ரோல்ஸும் பிளேன்ரீயும், அதற்காகத்தான் நின்றேன். மேனுகா பேப்பரைச் சுவரில் ஒட்டி நாலு பெட்டி கீறினாள். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்.

"மேல இருக்கிற ரெண்டும் உங்களுக்கு உள்ள இருக்கிறது," என்றாள். "உங்கட கையில இருக்கிறது. கீழ இருக்கிற ரெண்டும் வெளியில இருக்கிறது. வெளியில இருக்கிற வாய்ப்பு தானா உள்ள வராது. நீங்கள் ஏதாவது செய்தால்தான் வரும். எது உள்ள, எது வெளிய எண்டு பிரிச்சுப் பாக்கிறதுதான் இதில முக்கியமான வேலை. மாறி ஒட்டினால் திட்டம் முழுக்கப் பிழைச்சுப் போகும்."

அச்சுறுத்தல் பெட்டிக்கு அரை மணித்தியாலம் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. தங்களை எது பயமுறுத்துகிறது என்று பேப்பரில் எழுதிப் பழக்கமில்லாத ஆட்கள். கடைசியில் முன்ஸிர் "யானை" என்று எழுதினார். எல்லாருக்கும் நிம்மதி. பிறகு மாட்டுக்கு வாற நோய், விதைப்புக் காலத்தில் மாடு கட்ட இடமில்லாதது என்று அட்டைகள் வந்தன.

பலம் என்ற பெட்டிக்கு நளீர் ஒன்றும் எழுதவில்லை. மேனுகாவே என் கொப்பியைப் புரட்டி எழுதினாள். மற்ற இரண்டு சங்கங்களிலும் பார்த்தேன், ஒன்றிலும் இப்படி இல்லை என்றாள். பெரிய எழுத்தில், பச்சை அட்டையில்: பால் ஊற்றும் பெண் அங்கத்தவர்கள் முப்பத்து நாலு.

"இவ்வளவு பேர் ஒழுங்கா ஊத்துறது சின்ன விசயமில்லை. தாங்கிக்கு இதுதான் பெரிய புள்ளி," என்றாள். "ஆனா இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லையே. அடுத்த கூட்டத்துக்கு அவையள் கட்டாயம் வரவேணும். பெண்களிட்டக் கேக்காமல் நான் இதை முடிக்க ஏலாது."

நான் என் ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தநாள் காலையில் பால் அளக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் நளீர் புத்தளத்துக்குப் போன் எடுத்தான். அங்கேதான் கவரேஜ் இருக்கும். அவனுடைய போன் பழையது, எதிர்ப்பக்கத்துக் கதை முழுவதும் வெளியே கேட்கும்.

"ஜெமீலா, பத்தாம் தேதி ஒரு கூட்டம் இருக்கு. பொம்பிளையளும் வரவேணுமாம்."

"என்ன கூட்டம்?"

"தாங்கி விசயம். வந்தால் பின்னேரப் பாலும் எடுப்பாங்கள். குசினிக்குக் கூரை போடலாம். பைப் தண்ணியும் வருகுதாம். ரோட்டும் போடுறாங்கள்."

"அதுக்கு நானேன்?"

"உன்ர பேரும் சங்கத்தில இருக்கு."

போனில் பின்னால் ஒரு பெண்பிள்ளை பாடம் சொல்லும் சத்தம் கேட்டது. மகள் இஷ்ரா, உயர்தரம் படிக்கிறாள்.

"ரெண்டு நாள்தான் நிப்பன்," என்றாள் ஜெமீலா. "இஷ்ராவை உம்மாவிட்ட விட்டிட்டு வரவேணும்."

போனை வைத்துவிட்டு அவன் கானைத் திருப்பித் திருப்பிக் கழுவினான். ஏற்கெனவே கழுவின கான்.

ஒன்பதாம் தேதி பின்னேரம் புத்தளத்திலிருந்து ஒரு வாடகை வான் வந்தது. முப்பத்து நாலு பேரில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். நான் அடுத்தநாள் காலை ஆறரைக்குப் போனபோது ஊரே வேறு ஊராக இருந்தது. ஏழெட்டுக் குசினியில் புகை. யாரோ தேங்காய் துருவுகிற சத்தம். கொடிகளில் நிறநிறமாகச் சீலைகளும் சட்டைகளும். அஸ்வர் புதுச் சாரம் கட்டிக்கொண்டு பால் கொண்டுவந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே வெட்கப்பட்டார்.

நளீர் பதினாலு லீற்றரைக் கொண்டுவந்தான். முகத்தில் சவரம்.

"சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டேன்.

"இடியப்பம் அண்ணை. கருவாட்டு ஆணம்." கானை மேசையடியில் இறக்கி வைத்தான். "விடிய எழும்பி முத்தத்தைக் கூட்டிப்போட்டு அவிச்சவா. பதினொரு வருசமா நான் கூட்டுற முத்தம். அவா கூட்டினால் அது வேற மாதிரி இருக்கு."

"அவாவிட்டச் சொன்னியோ, பால் எழுதிற விசயத்தை?"

"பேர் இருக்கெண்டு சொன்னனான்."

"ஒவ்வொரு நாளும் ஊத்துறதை?"

"அதையென்ன சொல்லுறது," என்றான்.

பாலைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மேனுகாவையும் ஏற்றிக்கொண்டு பத்து மணிக்குத் திரும்பி வந்தேன். வானம் கறுத்துக் கிடந்தது. காலபோக விதைப்புக்கு உழுத வயல்களில் ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொட்டிலில் பெண்கள் முன்னால் கதிரைகளில், ஆம்பிளைகள் பின்னால் நின்றுகொண்டு. அங்கேதான் ஜெமீலாவைக் கண்டேன். சின்ன உருவம், நேராகப் பார்க்கிற கண். எட்டு வயதில் இந்த ஊரை விட்டுப் போனவள். புத்தளத்து உப்பளத்தில் வேலை செய்திருக்கிறாள், விரல் நுனிகளில் வெடிப்பு இருந்தது.

மேனுகா நாலு பெட்டியையும் திரும்ப விளங்கப்படுத்தினாள். உள்ளே, வெளியே. ஜெமீலா கவனமாகக் கேட்டாள், இடையில் ஒருமுறை, "அப்ப உள்ளுக்கு எண்டால் இந்த ஊருக்குள்ள இருக்கிற ஆக்களோ?" என்று கேட்டாள்.

"ஊரில இருந்து சங்கத்தை நடத்திற ஆக்கள்," என்றாள் மேனுகா. பிறகு என் கொப்பியை எடுத்தாள். பாராட்டுவதற்காகத்தான் எடுத்தாள், பாவம். "ஒரு ஆளைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். ஜெமீலா அக்கா ஆர்? நாலு வருசம், ஒருநாளும் தவறாமல் ஆறு லீற்றர். நீங்கள்தான் எல்லாருக்கும் முன்மாதிரி."

ஜெமீலா எழும்பினாள்.

"ஒருநாளும் தவறேல்லையோ?"

"ஒருநாளும்."

"போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கும்?"

மேனுகா பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். "ஓம், அண்டைக்கும் ஆறு."

"அண்டைக்கு நானும் அவரும் புத்தளத்தில வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தம் தங்கச்சி."

முன்ஸிர் இருமினார். அந்த நாட்களில் நளீரின் மாடுகளைக் கறந்து ஜெமீலாவின் பெயரில் ஊற்றியது அவர்தான். நளீர் கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

ஜெமீலா திரும்பி நளீரைப் பார்த்தாள். அவன் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். வெளியே முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அந்தப் பாலில ஒரு சொட்டும் நான் கறந்ததில்லை," என்றாள். "கறந்த ஆள் அங்க நிக்கிறார். நாங்கள் பதினொரு பேரும் நேற்று வானில வந்தனாங்கள், நாளைக்குப் போயிடுவம். இஞ்ச இருக்கிறம் எண்டு எழுதினது பொய். தாங்கியைத் தந்திட்டுப் போனப்பிறகு பால் இல்லாமல் அது வெறுமனே ஓடினால், அதுக்கும் எங்கட பேரைத்தான் சொல்லுவீங்கள்."

"ஜெமீலா," என்றான் நளீர்.

"நீங்க கதைக்காதீங்க. பதினொரு வருசமா நீங்க என்னோட கதைச்சது தெரியுமோ? கிணறு வெட்டியாச்சு, கரண்ட் வந்திட்டு, மாடு கண்டு போட்டிட்டு, குசினிக்குக் கூரை போடலாம். வந்தால் என்னென்ன இருக்கும் எண்டு சொன்னீங்க. வா எண்டு ஒருநாள் சொல்லேல்லை. இந்தக் கொப்பிக்குச் சொன்னதை எனக்குச் சொல்லியிருக்கலாம்."

பிறகு அவள் சுவருக்குப் போய்ப் பச்சை அட்டையைக் கழற்றி மேனுகாவிடம் கொடுத்தாள்.

"நாங்கள் உள்ளுக்கில்லை தங்கச்சி, வெளியில. ஆனா யானையோட சேத்து ஒட்டிப்போடாதீங்க. வேணுமெண்டால் வாய்ப்பெண்ட பெட்டியில ஒட்டுங்க. அது தானா உள்ள வராதெண்டு நீங்கதானே சொன்னீங்க."

நான் எழும்பி, "எழுதினது நான் பிள்ளை. தெரிஞ்சுதான் எழுதினனான்," என்றேன். சொல்லாமல் இருந்தால் அன்றிரவு நித்திரை வந்திராது. மேனுகா என்னையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கத்தவில்லை, சமாசத்துக்குச் சொல்லி என் வேலைக்கு உலை வைக்கவும் இல்லை. பச்சை அட்டையைக் கீழே, வாய்ப்புப் பெட்டியில் ஒட்டினாள்.

"இந்தமுறை தாங்கி இஞ்ச வராது," என்று வெளிப்படையாகவே சொன்னாள். "பால் உள்ள இடத்துக்குத்தான் போகும். நான் உங்களுக்குப் பொய் சொல்ல விரும்பேல்லை. இனிமேல் ஊத்துற ஆளின்ர பேரை மட்டும் எழுதுங்கோ."

அன்று ரோல்ஸ் மிஞ்சிப் போனது. நானும் தொடவில்லை.

அடுத்தநாள் காலையில் நாவலடிக்கு வண்டியைத் திருப்பும்போது எனக்கு மனம் சரியில்லை. மழை விட்டிருந்தது, ரோட்டெல்லாம் சேறு. பத்து மணிக்கு வான் போய்விடும். மேசையைப் போட்டுக் கொப்பியை விரித்தேன். நளீர் வந்தான், அவனுக்குப் பின்னால் ஜெமீலா. அவன் கையில் பெரிய கான், அவள் கையில் ஒரு சின்னக் கான். அவளுடைய சீலையில் சாணிக் கறை, வலது கையில் மாட்டின் கால் பட்ட சிவப்பு.

"நாலில ரெண்டு மாடு என்னைக் கிட்ட விடேல்லை," என்றாள் என்னிடம். "மற்ற ரெண்டையும் நான்தான் கறந்தனான். அளந்து பாருங்க அண்ணை."

ஊற்றினேன். ஆறு லீற்றர், ஒரு கோப்பை குறைவு.

"ஆறெண்டு போடட்டோ?"

"இல்லை. உள்ளதைப் போடுங்க."

ஐந்தே முக்கால் என்று போட்டேன். ஜெமீலா என்ற பெயருக்கு நேரே, நாலு வருடத்தில் முதல்முறையாக ஆறு இல்லாத ஒரு இலக்கம்.

நளீர் பெரிய கானை இறக்கவே இல்லை. கையில் பிடித்தபடி நின்றான். நான் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டான் போல.

"ஜெமீலா," என்றான். "தாங்கி வராது. குசினிக்குக் கூரை எப்ப போடுவனோ தெரியாது. இஷ்ராவுக்கு இஞ்ச படிக்க வழியில்லை. மழை பெய்தால் இந்த ரோட்டில சைக்கிளும் ஓடாது. ஒண்டும் இல்லை." கானை மற்றக் கைக்கு மாற்றினான். "எண்டாலும் வா."

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் உடையவில்லை.

"இதைக் கேக்க இவ்வளவு காலமோ?"

"ஓம்."

"அப்ப எனக்கும் கொஞ்சக் காலம் தாங்க. இஷ்ராவின்ர சோதினை முடியட்டும். முடிஞ்சபிறகு திரும்பக் கேளுங்க. கொப்பியிட்ட இல்லை, என்னட்ட."

பத்து மணிக்கு வான் போயிருக்கும். அப்போது நான் பாலை இறக்கிவிட்டுப் பரந்தனைத் தாண்டியிருந்தேன். வழி முழுவதும் உழுத வயல்களில் விதைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய் அன்னபாக்கியத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நீங்கள் எப்பவாவது என்னை வா எண்டு கேட்டிருக்கிறீங்களோ?" என்றாள். நீ எங்கே போனாய் நான் கேட்பதற்கு என்றேன். அன்றைக்கும் சண்டைதான்.

அதற்குப் பிறகு நாவலடியில் சீலைகள் கொடியில் இல்லை, புகையும் இல்லை. நளீர் பதினாலு லீற்றரையும் தன் பெயரில் ஊற்றினான். பக்கத்து வரியில் ஜெமீலாவின் பெயர் வெறுமையாகக் கிடந்தது. முன்ஸிரும் மற்றவர்களும்கூடத் தங்கள் பெயரில் மட்டும்தான் எழுதச் சொன்னார்கள். வெறும் வரிகள் முப்பத்திரண்டு. பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் எனக்கே அந்தரமாக இருக்கும்.

ஜனவரியில் ஒருநாள் நளீர் பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றான்.

"அண்ணை, அந்த விதி இன்னும் இருக்குத்தானே? வருசத்துக்கு ஒருநாள் ஊத்தினால் பேர் வெட்டமாட்டினம் எண்டது?"

"இருக்கு."

"அவா ஊத்தினது எத்தனையாம் தேதி?"

அவனுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டி, ஐந்தே முக்கால் என்று இருந்த இடத்தை விரலால் காட்டினேன்.

"ஒக்டோபர் பதினொண்டு."

"சோதினை ஓகஸ்டில முடியுது," என்றான் நளீர். அடுத்த ஒக்டோபர் வரை விரலை மடித்து எண்ணினான். "அப்ப எனக்கு ரெண்டு மாசம் இருக்கு, கேக்க."

வெறுங்கானை எடுத்துக்கொண்டு மாட்டுப் பட்டிப் பக்கம் போனான்.